தாதுத் தாத்தாவின் கல்

என் அத்தைக்கு எதற்கெடுத்தாலும் தாதுத் தாத்தா வந்துவிடுவார். குழம்பில் உப்பு குறைந்தால்கூட, "தாதுத் தாத்தா வம்சத்துல பொறந்தவங்க சாப்பிடற சாப்பாடா இது?" என்பாள். அத்தை என் அப்பாவின் அக்கா. கல்யாணமான சில வருஷங்களிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். எனக்கு விவரம் தெரிந்தபோது வீட்டுச் சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் தொங்கியது.

தாதுத் தாத்தா மேற்கேயிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தவராம். காவிரித் தண்ணீர் வாய்க்காலில் கரைபுரண்டு ஓடுவதைப் பார்த்துவிட்டு, இனி இதுதான் நம் ஊர் என்று வண்டியை அவிழ்த்தாராம். நிலம் வாங்கினார், கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தார், கோயிலுக்குக் கல்லறைத் தோட்டத்தையே எழுதிக் கொடுத்தார். அத்தை இந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் வண்டியில் ஒரு ஜோடி மாடு கூடிவிடும். நான் பத்தாவது முடிப்பதற்குள் தாத்தாவிடம் ஒரு மாட்டுச்சந்தையே இருந்தது.

அவர் இருந்ததற்குச் சாட்சி ஒரு கல். வலங்கைமானுக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். வாய்க்காலைத் தாண்டினால் கல்லறைத் தோட்டம். மூன்று பக்கம் வயல், ஒரு பக்கம் மதில். நடுவில் இருக்கும் பெரிய சிலுவைக்கு நேர் எதிரே, நல்ல இடத்தில், இடுப்பு உயரத்துக்கு அந்தக் கல் நின்றது. மேலே ஒரு சிலுவை. அதற்குக் கீழே, ஆழமாக வெட்டிய பெரிய எழுத்தில் 'தாது'. அதற்குக் கீழே ஒன்றும் தெரியாது. வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு, கழுவாத தோசைக்கல்லில் மாவு காய்ந்த மாதிரி ஏடு ஏடாகப் படிந்திருந்தது.

அது என்ன பெயர் என்று எனக்குச் சின்ன வயதிலேயே சந்தேகம் உண்டு. கோயில் உபதேசியார் ஒருவர்தான் அதைத் தீர்த்துவைத்தார். ததேயு என்று ஒரு அப்போஸ்தலர். அவர் பெயரை வைத்திருப்பார்கள், ஊர் வாயில் அது தாது என்று ஆகியிருக்கும் என்றார். அந்தோணி அந்தோ ஆகிற ஊரில் ததேயு தாது ஆகமாட்டாரா? எல்லோருக்கும் அது திருப்தியாக இருந்தது. அத்தைக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.

நவம்பர் மாதம் கல்லறைத் திருநாள் வரும். எங்கள் பக்கத்தில் அடைமழைக் காலம் அது. மழை விட்ட நேரம் பார்த்து எல்லோரும் மண்வெட்டியும் சுண்ணாம்பு வாளியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். புல் செதுக்கி, மேடு கட்டி, சாமந்திப்பூ போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். மற்ற கல்லறைகளை நாங்கள் யார் வேண்டுமானாலும் சுத்தம் செய்யலாம். தாதுத் தாத்தாவின் கல்லுக்கு மட்டும் அத்தைதான் சுண்ணாம்பு அடிப்பாள். நாங்கள் சுண்ணாம்பு மட்டையைத் தொட்டாலே கையில் ஒன்று போடுவாள். அவள் சுண்ணாம்பு அடிப்பதைப் பார்த்தால் பக்தி என்றுதான் தோன்றும். ஒரு பூச்சு காய்வதற்குள் அடுத்தது, அதற்கு மேல் இன்னொன்று.

அப்புறம் மெழுகுவத்தி. முதலில் அத்தை, பிறகு அப்பா, பிறகு அண்ணன், கடைசியில் நான். அம்மா ஏற்றமாட்டாள். ஏற்ற விடமாட்டார்கள். அவள் மதிலோரமாகப் போய் நின்றுகொள்வாள். உரிமை கொண்டாட ஆளில்லாதவர்களைப் புதைக்கிற இடம் அது. குச்சியில் கட்டிய சிலுவைகள் மழையில் சாய்ந்து கிடக்கும். கொண்டுவந்த மெழுகுவத்தியை அம்மா அங்கே ஏதாவது ஒரு மேட்டில் ஏற்றிவைப்பாள்.

அம்மா கன்னியர் மடத்து அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். யாரோ மடத்து வாசலில் விட்டுவிட்டுப் போன குழந்தை. பெயர் கன்னியர் வைத்தது. பிறந்த நாளும் அவர்கள் வைத்ததுதான். கல்யாணம் ஆகும்வரை அவள் பெயருக்கு முன்னால் இனிஷியல் கிடையாது. அப்பா அரிசி ஆலையில் கணக்கு எழுதினார். மடத்துக்கு அரிசி மூட்டை போகும்போது கூடப் போனவர் அம்மாவைப் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டார். வீட்டில் பெரிய ரகளை. கடைசியில் அத்தை ஒத்துக்கொண்டாள், ஆனால் தாத்தாவின் கல்லை அவள் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அப்பா தலையாட்டினார். நல்ல மனுஷன்தான், ஆனால் அக்கா முன்னால் வாய் திறக்காத மனுஷன்.

"ஊர் பேர் தெரியாதவ." அத்தை அம்மாவைப் பற்றிச் சொல்லும் வார்த்தை இதுதான். கோபமாகக்கூடச் சொல்லமாட்டாள். 'கறுப்பா இருப்பா', 'குட்டையா இருப்பா' என்பது போல, அடையாளம் சொல்வது போலச் சொல்வாள். பால்காரரிடம், "எங்க வீட்டு ஊர் பேர் தெரியாதவகிட்ட பாத்திரத்தைக் குடுத்துட்டுப் போ" என்று அவள் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அம்மா எப்போதும் "சரிங்க அண்ணி" என்பாள். அந்த 'சரிங்க அண்ணி'யைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். அத்தை மேல் வந்த கோபத்தைவிட அம்மா மேல் வந்த கோபம்தான் அதிகம்.

அப்பா போனபோது தாத்தாவின் கல்லுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். அந்த வரிசையில் இன்னும் ஒரே ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. அடக்கம் முடிந்து வந்து குளித்துவிட்டு, ஈரத்தலையோடு அம்மா என்னிடம் சொன்னாள்:

"நான் போனா உங்கப்பா பக்கத்துல போட்டுடும்மா. எனக்குன்னு வேற ஒண்ணும் வேணாம்."

அவள் வாழ்நாளில் தனக்கென்று என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அண்ணன் அப்போது மஸ்கட்டில் இருந்தான். எங்கள் தெருவில் பாதிப்பேர் அந்தப் பக்கம்தான். இந்து வீடு, முஸ்லிம் வீடு, எங்கள் வீடு என்று வித்தியாசமில்லாமல் எல்லா வீட்டுப் பையன்களும் விமானம் ஏறினார்கள். மேட்டூர் திறக்கவில்லை, குறுவை போச்சு, சம்பாவும் பாதி போச்சு என்று ஊர் புலம்பிய வருஷங்கள் அவை. வயலில் பச்சை குறையக் குறைய, வரப்பில் கலர் கொடி நட்டு மனை பிரித்தார்கள். நான் கும்பகோணத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலை பார்த்தேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. துபாய்க்காரரும் சிங்கப்பூர்க்காரரும் வாங்கும் மனைக்கு மூலப்பத்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பட்டா, சிட்டா, அடங்கலைப் பார்த்துவிட்டு, இன்னும் பின்னால் போகவேண்டுமென்றால் மடிப்பில் கிழிந்த பழைய பத்திரங்களை விரித்துப் படிப்பேன். அந்தக் காலத்து எழுத்துக்குப் புள்ளி இருக்காது. வருஷம், மாசம், தேதி என்று முழுசாக எழுதமாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுழி போட்டுவிடுவார்கள். பழகினால் கண்ணுக்கு அதெல்லாம் சாதாரணம்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதானது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அவளை அழைத்துக்கொண்டு அலைந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காய்ந்து கிடக்கும் ஆற்று மணலையே பார்த்துக்கொண்டு வருவாள். கால் இரண்டும் வீங்கியிருக்கும். இனி ரொம்ப நாள் இல்லை என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மாவிடம் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்குக் கல்லறை ஆசை வந்தது. அவன் மகளுக்கு நல்ல இடத்தில் வரன் கூடி வந்திருந்தது. திருச்சிப் பக்கத்துப் பெரிய குடும்பம், பரம்பரை பார்க்கிறவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான்.

"தாதுத் தாத்தா கல்லு, அப்பா கல்லறை எல்லாத்தையும் சேத்து ஒரே கிரானைட்டா போட்டுடலாம்னு இருக்கேன். கல்லுல என்ன எழுதியிருக்கோ அதை அப்படியே எழுதி அனுப்பு. அதே வாசகத்தைப் பெரிசா வெட்டணும்."

"அம்மாவுக்கு அப்பா பக்கத்துல இடம் விட்டிருக்கியா?" என்றேன்.

"அது தனக்குன்னு அத்தை சொல்றாங்க. என்னை வளத்தவங்க, நான் என்ன சொல்றது? அம்மா பேரையும் கல்லுல போட்டுடுவோம்."

"பேரை அங்க போட்டுட்டு ஆளை எங்க போடுவே?"

"நீ எப்பவும் இப்படித்தான் பேசுவே" என்று போனை வைத்துவிட்டான். அவன் அத்தையின் மடியில் வளர்ந்த பிள்ளை. அம்மா பெற்றாள், அத்தை எடுத்துக்கொண்டாள். அதற்கும் அம்மா 'சரிங்க அண்ணி'தான் சொல்லியிருப்பாள்.

அத்தைக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். பச்சைத்துணியை நெற்றியில் கட்டிக்கொண்டு வீட்டோடு கிடந்தாள். ஒரு மத்தியானம் நான் காய் நறுக்கும் கத்தியும், தேங்காய் நாரும், ஒரு குடம் தண்ணீருமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அத்தையைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும்.

சுண்ணாம்பு லேசில் வரவில்லை. தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, கத்தி முனையால் நெம்பினேன். முதலில் பொடியாக உதிர்ந்தது. பிறகு சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. 'தாது'வுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஏடு கழன்று விழுந்தது. அங்கே ஒரு சுழி இருந்தது.

௵

பத்திரத்தில் நான் தினம் பார்க்கிற சுழி. வருஷம் என்று அர்த்தம்.

கத்தியைக் கீழே வைத்தேன். தாது வருஷம். பிரபவ, விபவ என்று சுற்றி வருமே, அந்த அறுபதில் ஒரு வருஷம். சில வருஷங்களுக்கு முன்னால்கூட ஒரு தாது வருஷம் வந்துவிட்டுப் போயிருந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவது கோயில் காலண்டர். அதில் புனிதர்களின் திருநாள்தான் இருக்கும், தமிழ் வருஷத்தை யார் பார்த்தார்கள்? ஆனால் ஒரு தாது வருஷத்தை மட்டும் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். பஞ்ச வருஷம் அது. மேற்கேயும் வடக்கேயும் இருந்த வறண்ட சீமைகளிலிருந்து, தஞ்சாவூர்ச் சீமையில் சோறு கிடைக்கும் என்று ஜனங்கள் நடந்தே வந்தார்களாம். வந்து சேர்ந்தவர்களில் பலர் சோற்றைக் கண்ணால் பார்த்தபடியே செத்தார்களாம்.

மீதியை வெறிபிடித்தவள் மாதிரி சுரண்டினேன். நகக்கண்ணெல்லாம் எரிந்தது. புள்ளியில்லாத எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

தாது௵ பசியினால் மரித்து
இவ்விடம் அடக்கப்பட்ட
ஊர் பேர் அறியாத சனங்கள்
இவர்கள் ஆத்துமம் இளைப்பாறக்கடவது

அவ்வளவுதான். அதில் ஒரு மனிதரின் பெயர்கூட இல்லை. நாங்கள் பெயர் என்று தலையில் வைத்துக் கொண்டாடியது ஒரு வருஷம். தாத்தா என்று கும்பிட்டது ஒரு குழி.

மூன்றாவது வரியை மறுபடி மறுபடி படித்தேன். ஊர் பேர் அறியாத. அத்தையின் வாயில் அன்றாடம் புழங்கிய அதே வார்த்தை, அவளே பூசிய சுண்ணாம்புக்கு அடியில் அத்தனை வருஷமாக இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வாய்க்காலில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர், "யாருக்கும்மா அழுவறீங்க?" என்று கேட்டார்.

முதலில் அம்மாவிடம்தான் சொன்னேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதிவந்த தாளைப் படித்துக் காட்டினேன். இத்தனை வருஷ அவமானத்துக்கும் பதில் கொண்டுவந்துவிட்டேன் என்ற வேகத்தில் இருந்தேன். அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். ஒருமுறையாவது அத்தையைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டாள்:

"அப்ப இத்தனை வருசமும் அவங்களுக்கு ஒருத்தரும் மெழுகுவத்தி ஏத்தலையா?"

"அந்தக் கல்லுல ஏத்தினாங்களேம்மா."

"அது தாதுத் தாத்தாவுக்குன்னு சொல்லித்தானே ஏத்தினாங்க. இல்லாத ஆளுக்கு ஏத்தினா இருக்கறவங்களுக்கு எப்படிப் போவும்?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. "உங்களுக்கு அவங்களைப் பத்தித்தான் கவலையா? இதைச் சொன்னா அத்தை வாயத் தொறக்க முடியாது. அப்பா பக்கத்துல உங்களுக்கு இடம் கேட்டு வாங்கிடுவேன்."

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வீங்கிய கை, ஆனால் பிடி இறுக்கமாக இருந்தது.

"வீட்டுக்குள்ள என்ன வேணாப் பேசிக்க. ஊர்ல மட்டும் சொல்லிடாதே. அந்தப் பொண்ணு கல்யாணம் முடியற வரைக்கும் வாயத் தொறக்கமாட்டேன்னு சொல்லு."

பேத்தி மஸ்கட்டில் வளர்ந்தவள். விடுமுறைக்கு வரும்போது அம்மாவை ஒருமுறையோ இருமுறையோ கட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்காக அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள். கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

அத்தையிடம் அன்று சாயங்காலமே போனேன். தாளை நீட்டவில்லை, அவளால் படிக்க முடியாது. மனப்பாடமாகச் சொன்னேன். பச்சைத்துணிக்குக் கீழே அவள் முகம் மாறும் என்று காத்திருந்தேன். மாறவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எங்கப்பா சாகறதுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போயி படிச்சுக் காமிச்சாரு. எங்கப்பாவோட அப்பா அந்தக் குழிகிட்ட கிடந்த புள்ளை. ஆயி அப்பன் எல்லாம் உள்ள போயிட்டாங்க. சாமியார் தூக்கிட்டு வந்து கஞ்சி ஊத்தினாரு. எந்த ஊரு, என்ன சாதி, ஒண்ணும் சொல்லத் தெரியல அதுக்கு. பேச்சே வராத வயசு." அத்தை மூச்சு வாங்கினாள். "எங்கப்பாவைப் புதைச்ச அன்னிக்கே நான் சுண்ணாம்ப எடுத்தேன்."

"அப்ப மாட்டுவண்டி?"

"அது நான் கட்டினதுதான்."

கல்லுக்கு அவள் காட்டியது பக்தி என்று நினைத்திருந்தோமே, அத்தனையும் பயம். தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

"தெரிஞ்சுகிட்டேவா அம்மாவை அப்படிச் சொன்னீங்க? வாழ்க்கை பூரா?"

"அவ வந்து நின்னப்பல்லாம் எனக்கு அந்தக் கல்லுதான்டி ஞாபகம் வந்துச்சு. எங்க நம்மளையும் கேட்டுடுவாங்களோன்னு. நாலு பேர் அவளைக் கேட்டா, நம்மளைக் கேக்கமாட்டாங்கல்ல?"

"அப்பா பக்கத்துல அந்த இடத்தை அம்மாவுக்குக் குடுத்துடுங்க அத்தை. நான் யார்கிட்டயும் சொல்லல."

அத்தை மறுப்பாகத் தலையை ஆட்டினாள். "முடியாதுடி. இத்தனை வருசமா ஒண்ணு சொல்லிட்டு இப்ப அவளை அங்க வச்சா, ஏன்னு கேப்பாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கல்லறைத் திருநாளுக்கு வேற வர்றாங்க."

அண்ணனுக்குப் போன் செய்து நான்கு வரியையும் படித்தேன். அவன் முட்டாள் இல்லை, உடனே புரிந்துகொண்டான். மறுபடியும் படிக்கச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சுரண்டினதை மூடிடு" என்றான். மஸ்கட்டில் யாருக்குக் கேட்டுவிடும் என்று குரலைத் தாழ்த்தினானோ தெரியாது.

நான் மூடவில்லை. அத்தையே கண் கட்டோடு ஆள் வைத்து மூடினாள்.

அம்மா ஐப்பசியில் போனாள். ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் அது. வானம் மட்டும் கொட்டித் தீர்த்தது. அண்ணன் விமானம் பிடித்து வந்து சேர்ந்தான். குழி எங்கே என்று பங்குச்சாமியார் மூத்த மகனைத்தான் கேட்டார். அண்ணன் அத்தையைப் பார்த்தான், அத்தை மதில் பக்கம் பார்த்தாள். அவ்வளவில் முடிந்துவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை.

மதிலோரம் பள்ளமான இடம். வெட்ட வெட்டக் குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. வாளியால் இறைத்தார்கள், இறைக்க இறைக்க ஊறியது. கடைசியில் தண்ணீரிலேயே பெட்டியை இறக்கினார்கள். பெட்டி உடனே அமிழவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. கழியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மண்ணைத் தள்ளினார்கள். நான் கத்தினேன். அங்கே, அப்பாவுக்குப் பக்கத்தில், மேட்டுநிலத்தில், ஒரு ஆள் அகலத்துக்குப் புல் முளைத்துக் கிடந்தது. அதைக் காட்டிக் கத்தினேன். காரணத்தைக் கத்த முடியவில்லை; சத்தியம் செய்திருந்தேன். "துக்கத்துல பேசுது" என்று யாரோ என்னை இழுத்துக்கொண்டு போனார்கள்.

அண்ணன் விடுப்பு முடிவதற்குள் கிரானைட் வந்து இறங்கிவிட்டது. கம்ப்யூட்டரில் வெட்டிய எழுத்து, தங்க வண்ணம். 'ததேயு (எ) தாது அவர்களின் வம்சத்தார்' என்று தலைப்பு. கீழே வரிசையாகப் பெயர்கள். அப்பாவின் முகம்கூடக் கல்லில் வந்திருந்தது. பழைய கல்லை எங்கே வைப்பது என்று வேலைக்காரர்கள் கேட்டபோது அண்ணன் அதைக் குப்புறப் படுக்கவைத்து அதன் மேல் தளம் போடச் சொன்னான். கலவை கொட்டும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். பசியில் செத்தவர்களை இரண்டாவது தடவை புதைத்தோம்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்தார்கள். திருப்திப்பட்டார்கள். கோடையில் கல்யாணம் திருச்சியில் ஜாம்ஜாமென்று நடந்தது. அந்தப் பெண் நன்றாக இருக்கிறாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை.

கல்யாணம் முடிந்து மஸ்கட் கிளம்பும் முன், "அம்மாவுக்கும் ஒரு கல்லு வச்சிடு. வாசகம் நீயே எழுதிக் குடு" என்று அண்ணன் சொன்னான். மதிலோரத்துக் கல்லை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பான்.

அதே கிரானைட் கடைக்குப் போனேன். நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, இந்தச் சுழி எங்கள் கம்ப்யூட்டரில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சாதாரணக் கருங்கல்லில் உளியால் கொத்தித் தருகிற ஆளைத் தேடிப் பிடித்தேன். பத்திரத் தாளில் அந்தச் சுழியைப் பெரிதாக வரைந்து கொடுத்தேன். அம்மாவின் பெயருக்குக் கீழே இப்படி வெட்டச் சொன்னேன்:

தாது௵ பசியினால் மரித்த
ஊர் பேர் அறியாத சனங்களின்
வீட்டு மருமகள்

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு நான் இரண்டு மெழுகுவத்தி எடுத்துக்கொண்டு போனேன். ஒன்று அம்மாவுக்கு. இன்னொன்று, அம்மா அன்று கேட்டாளே, அவர்களுக்கு.

வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. மதிலோரத்தில், அம்மாவின் மேட்டுக்குப் பக்கத்தில், ஈர மண்ணிலேயே அத்தை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சுண்ணாம்பு வாளி. கல் வெள்ளை வெளேரென்று இருந்தது. இங்கேயுமா? செத்த பிறகுமா? கேட்டுவிடலாம் என்று கிட்டே போனேன்.

நடுவில் இருந்த இரண்டு வரியும் சுண்ணாம்பில் மறைந்திருந்தன. மேலே அம்மாவின் பெயரும், கீழே 'வீட்டு மருமகள்' என்பதும் அப்படியே இருந்தன. அந்த எழுத்துகளுக்குள் தெறித்த சுண்ணாம்பை அத்தை முந்தானையால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். புரை எடுத்த பிறகும் பார்வை சரியாக இல்லை. விரலால் தடவித் தடவித்தான் எழுத்தைக் கண்டுபிடித்தாள்.

காலடிச் சத்தம் கேட்டு, "நீதானா?" என்றாள்.

"நான்தான்."

"அவ பேரை விட்டிருக்கேன். மருமவங்கறதையும் விட்டிருக்கேன். மத்தது ஊருக்கு வேணாம்டி."

அம்மா உயிரோடு இருந்தவரை அத்தையின் வாயிலிருந்து ஒருமுறைகூட வராத வார்த்தை அது. அதற்காக நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று எழுத ஆசைதான். அழவில்லை. ஒரு மெழுகுவத்தியை அவள் கையில் கொடுத்தேன். நான்தான் தீக்குச்சி கிழித்தேன். அவள் தடவிப் பார்த்து அதை அம்மாவின் பெயருக்கு நேர் கீழே ஊன்றினாள். எழுந்திருக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றினேன்.

ஆட்டோ வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்வரை வாசலில் நின்றேன். பிறகு திரும்பி வந்து, இன்னொரு மெழுகுவத்தியை ஏற்றி முன்னதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பையிலிருந்து காய் நறுக்கும் கத்தியை எடுத்தேன். சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. சுலபமாக வந்துவிட்டது.